ஜீப் சிஜே-7: கசியும் பவர் ஸ்டியரிங் பாக்ஸுக்குப் பதிலாக எதைப் பொருத்துவது?

கேள்வி

வணக்கம். என்னிடம் இருப்பது 1979ஆம் ஆண்டு ஜீப் சிஜே-7 (இனி சிஜே). பவர் ஸ்டியரிங் ஆலையிலேயே பொருத்தப்பட்டு வந்தது. சில மாதங்களாக ஸ்டியரிங் பாக்ஸின் (ஸ்டியரிங் சக்கரத்தின் சுழற்சியைப் பற்சக்கரங்களால் முன்சக்கரங்களின் திருப்பமாக மாற்றும் பெட்டி) அடியில், பிட்மேன் ஆர்ம் (பாக்ஸிலிருந்து வெளிவந்து இணைப்புக் கம்பிகளைத் தள்ளும் கை) மாட்டியிருக்கும் தண்டைச் சுற்றி எண்ணெய் கசிகிறது. ஓரிரவு நிறுத்தி வைத்தால் காலையில் தரையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை படிந்திருக்கிறது. நேர்ச்சாலையில் போகும்போது ஸ்டியரிங் சக்கரத்தை மூன்று விரல் அகலம் திருப்பிய பிறகுதான் வண்டி அதற்கு இசைகிறது. டயர்கள் 33 அங்குலம்.

என் முன் மூன்று வழிகள் இருக்கின்றன: இதே வகையில் புதுப்பிக்கப்பட்ட பாக்ஸ், ஸ்டியரிங்கைக் குறைந்த சுற்று சுற்றினாலே சக்கரம் முழுதும் திரும்பும் விரைவு விகிதப் புதிய பாக்ஸ், பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றிய சாகினா (தயாரிப்புப் பெயர்) பாக்ஸ். மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதால் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்று புரியவில்லை.

முதல் மறுமொழி

கசிவு பாக்ஸில்தான், அதில் ஐயமில்லை. ஆனால் அந்த மூன்று விரல் ஆட்டம் முழுவதும் பாக்ஸினுடையதுதானா என்பதை வாங்குவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். முன்சக்கரங்கள் தரையில் நேராக நிற்கட்டும். இன்ஜின் ஓட, கைப்பிரேக் போட்ட நிலையில், ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சிறிதளவு ஆட்ட, நீங்கள் பக்கவாட்டில் நின்று பாக்ஸுக்குள் நுழையும் தண்டையும் வெளியேறும் பிட்மேன் ஆர்மையும் மாறி மாறிப் பாருங்கள். உள்தண்டு திரும்பியும் ஆர்ம் அசையாமல் நின்றால் தேய்மானம் பாக்ஸுக்குள்ளே இருக்கிறது. ஆர்ம் உடனே அசைந்தும் டயர் தாமதமாகத் திரும்பினால் ஆர்மைச் சக்கரங்களோடு இணைக்கும் கம்பிகளான டிராக் லிங்க், டை ராட் ஆகியவற்றின் முனைகளைத்தான் சந்தேகிக்க வேண்டும். பாக்ஸே வண்டியின் அடிச்சட்டத்தோடு (சேஸிஸ்) சேர்ந்து அசைகிறதென்றால், அது வேறு கதை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

காரிலிருந்து கழற்றிய பாக்ஸை நான் பரிந்துரைக்க மாட்டேன். சாகினா 800 வரிசைப் பெட்டிகள் எத்தனையோ கார்களிலும் ஜீப்புகளிலும் வந்தவை என்பதாலேயே வெளித்தோற்றம் நம்மை ஏமாற்றிவிடும். கார்களுக்கென்று செய்யப்பட்டவற்றில் உள்ளேயே தடுப்பு வைத்து ஆர்மின் வீச்சைக் குறைத்திருப்பார்கள். அதைச் சிஜேயில் மாட்டினால் சக்கரம் முழுதாகத் திரும்பாது, குறுகலான பாதையில் ஒரே திருப்பத்தில் போக வேண்டிய இடத்தில் பின்வாங்கி வர வேண்டியிருக்கும். உள்தண்டின் பற்களையும் எண்ணிப் பாருங்கள். தண்டின் விட்டமும் பற்களின் எண்ணிக்கையும் எல்லாப் பெட்டிகளிலும் ஒன்றல்ல. அவை ஒத்துப்போகாவிட்டால், ஸ்டியரிங் தண்டைப் பாக்ஸோடு இணைக்கும் உங்கள் ஜாயின்ட் அதில் ஏறாது. ஹோஸ் இணைப்பும் அப்படியே: 1970களின் பெட்டிகளில் அங்குல மரையும் கூம்பு வாய்க் குழாயும், 1980 வாக்கிலிருந்து மெட்ரிக் மரையும் ஓ-ரிங்கும் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) வந்தன. ஒன்றின் குழாயை மற்றொன்றில் கட்டாயப்படுத்தி முறுக்கினால் மரை போய்விடும்.

சட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது இது. சிஜேயில் ஸ்டியரிங் பாக்ஸ் பொருந்தும் இடத்தில் சேஸிஸ் விரிசல் விடுவது பலரும் அறிந்த குறைபாடு. பெரிய டயர் போட்டால் அது இன்னும் விரைவாக வரும். பாக்ஸைக் கழற்றிய பின் அந்த இடத்தைக் கம்பித் தூரிகையால் நன்றாகத் தேய்த்து, போல்ட் துளைகளின் ஓரங்களை விளக்கொளியில் பாருங்கள். துரு போலத் தெரியும் மெல்லிய கோடு பெரும்பாலும் விரிசலாகத்தான் இருக்கும்.

இரண்டாம் மறுமொழி

மேலே சொன்ன அனைத்தோடும் உடன்படுகிறேன். விகிதத்தைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். சிஜே-7இன் சக்கர இடைவெளி ஏறத்தாழ 93.5 அங்குலம்தான், இவ்வளவு குட்டையான வண்டியில் விரைவு விகிதப் பாக்ஸ் மாட்டினால், கரடுமுரடான பாதையில் மகிழ்ச்சியாக இருந்தாலும், நெடுஞ்சாலையில் கை சற்று அசைந்தாலே வண்டி பக்கவாட்டில் விலகும். மேலும், ஸ்டியரிங் விரைவாகத் திரும்ப வேண்டுமானால் பவர் ஸ்டியரிங் பம்பும் அதே நேரத்தில் கூடுதல் எண்ணெயைத் தள்ள வேண்டும். பழைய பம்பு ஈடுகொடுக்காதபோது, 33 அங்குல டயரைப் பாறைக்கு நடுவே சடக்கெனத் திருப்புகையில் ஸ்டியரிங் கல்லாகிவிடும். பம்பையும் மாற்றத் தயாராக இல்லையென்றால் பழைய விகிதத்திலேயே இருங்கள்.

என்னைக் கேட்டால் நான்காவது வழி ஒன்று இருக்கிறது. உங்கள் பாக்ஸையே பிரித்துப் புதுப்பியுங்கள். அது உங்கள் வண்டிக்குப் பொருந்தும் என்பதில் எந்தக் கேள்வியும் இல்லை. பிட்மேன் தண்டில் சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) உரசும் இடத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளமோ துருப்புள்ளியோ இருந்தால் எத்தனை சீல் மாற்றினாலும் கசியும், தண்டையும் மாற்றியாக வேண்டும். அதைத் தாங்கும் கீழ் பேரிங் தேய்ந்திருந்தாலும் அதே கதிதான், ஏனெனில் தண்டு பக்கவாட்டில் ஆடி சீலின் உதட்டைத் தின்றுவிடும். வெறும் சீல் செட் மட்டும் மாற்றி, நிறம் அடித்து, புதுப்பித்தது என்று விற்கப்பட்ட ஒன்றை வாங்கி ஒரே மழைக்காலத்தில் மீண்டும் கழற்றியவன் நான். ஆகவே எதை எதை மாற்றினார்கள் என்று கேட்காமல் வாங்காதீர்கள். புதியதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்வரை பழையதை மாற்றாகக் கடைக்காரரிடம் கொடுத்துவிடவும் வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. நேற்று சொன்னபடியே சோதித்தேன். ஆட்டத்தில் பாதி டிராக் லிங்க் முனையில் இருந்தது. பாக்ஸைக் கழற்றிப் பார்த்ததில் முன் போல்ட் துளையிலிருந்து கட்டைவிரல் நீளத்துக்கு விரிசல் ஓடியிருக்கிறது. தண்டில் நகம் மாட்டுகிறது. சட்டத்தை வெல்டு செய்து, எதிர்ப்பக்கச் சட்டத்தோடு இணைக்கும் தாங்கியும் போட்டு, என் பாக்ஸையே புதிய தண்டு, பேரிங்குடன் புதுப்பிக்க முடிவு செய்துவிட்டேன். மாட்டும்போது கவனிக்க வேண்டியவை எவை?

முதல் மறுமொழி எழுதியவர்

நல்ல முடிவு. பாக்ஸை மேசையில் வைத்தே, உள்தண்டை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை சுற்றி எண்ணி, அதில் பாதி திரும்பி நடுவில் நிறுத்துங்கள். அப்போது உள்தண்டின் தட்டையான முகம் மேல்நோக்கி இருக்கும். மேல்மூடியின் சரிசெய் திருகை இந்த நடுநிலையில் மட்டுமே தொட வேண்டும். ஆட்டம் போகவில்லை என்று அதை மேலும் இறுக்கினால், திருப்பத்துக்குப் பின் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது. பிட்மேன் நட்டுக்கு 185 அடி-பவுண்டு இறுக்கம் தேவை. டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் சாவி) இல்லாமல் அதைச் செய்யாதீர்கள். எண்ணெய் ஊற்றியதும் இன்ஜினை உடனே ஓட்ட வேண்டாம். முன்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, இருபது முறையாவது கோடிக்குக் கோடி மெதுவாகத் திருப்பி, தொட்டியில் குமிழி வருவது நின்ற பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள்.