டிரான்ஸ் விளைவு: ‘எதிர்மூலைப் பெயர்ப்பு’ எனலாமா?

> டிரான்ஸ் விளைவுக்கு ‘மறுபக்க விளைவு’ என்றே வைத்துவிடலாமே. எளிது, எல்லோருக்கும் புரியும்.

ஐயா, வணக்கம்.

அணைவு (complex) என்ற சேர்மத்தில் நடு உலோகத்தோடு பிணைந்திருக்கும் மூலக்கூறு அல்லது அயனியே ஈனி (ligand). ஓர் ஈனி தனக்கு நேர் எதிரே உள்ள ஈனியை வேகமாக வெளியேறச் செய்வதுதான் டிரான்ஸ் விளைவு (trans effect). நீங்கள் சொல்லும் பெயர் எளிதுதான். ஆனால் ‘பக்கம்’ இரட்டைப் பிணைப்புக்குப் பொருந்துகிற சொல். தளசதுரப் பிளாட்டினம் அணைவில் உலோகம் நடுவில் இருக்கிறது, நான்கு ஈனிகள் நான்கு மூலைகளில். கேரம் பலகையில் ஒரு குழிக்கு நேர் குறுக்கே இருப்பதை எதிர்மூலை என்றுதானே சொல்வோம்? ‘எதிர்முனை’ என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அதைக் கேட்டதும் மின்கலம்தான் நினைவுக்கு வருகிறது.

‘விளைவு’தான் பெரிய சிக்கல், அது வேகத்தைக் குறிப்பதாகத் தெரியவில்லை. நான்கு குளோரைடுகள் கொண்ட டெட்ராகுளோரோ பிளாட்டினேட்டில் அம்மோனியாவைச் சேர்த்தால் முதலில் ஏதோ ஒரு குளோரைடு போகும். இரண்டாவதாகப் போவது எது? அம்மோனியாவைவிடக் குளோரைடு தன் எதிர்மூலையில் இருப்பதை வேகமாக வெளியேற்றும். ஆகவே ஒன்றுக்கொன்று எதிரே நிற்கும் இரண்டு குளோரைடுகளில் ஒன்று கழன்று, அம்மோனியாக்கள் அடுத்தடுத்த மூலைகளில் அமர்கின்றன. புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டின் கிடைக்கிறது. நான்கு அம்மோனியாவில் தொடங்கிக் குளோரைடைச் சேர்த்தால் குளோரைடுகள் எதிரெதிரே நிற்கும் டிரான்ஸ் வடிவம் வந்துவிடும்! 1926இல் ரஷ்ய வேதியியலாளர் செர்னியாயெவ் சொன்னது இந்த வேகத்தைப் பற்றித்தான்.

எதிரே உள்ள பிணைப்பு நீண்டு தளர்வது வேறு விஷயம். அதற்கு ஆங்கிலத்திலேயே தனிப்பெயர் (trans influence) 1966இல்தான் வந்தது. நாம் ஒன்றை ‘விளைவு’ என்றும் மற்றதைத் ‘தாக்கம்’ என்றும் வைத்தால் மாணவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார். பிளாட்டினத்தைச் சுற்றி ஓர் எதிலீனும் மூன்று குளோரைடுகளும் உள்ள சைசு உப்பைப் (Zeise's salt) பாருங்கள். எதிலீனுக்கு எதிரே உள்ள குளோரைடின் பிணைப்பு நீளம் 2.34 ஆங்ஸ்ட்ராம், மற்ற இரண்டும் 2.30. பெரிய தளர்ச்சி ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தக் குளோரைடுதான் மளமளவென்று பதிலியாகும். ஐந்து ஈனிகள் சூழ்ந்த இடைநிலையை எதிலீன் எலக்ட்ரானை வாங்கித் தாங்கிப்பிடிப்பதே காரணம்.

அதனால் வேகத்துக்கு ‘எதிர்மூலைப் பெயர்ப்பு’, நீட்சிக்கு ‘எதிர்மூலைத் தளர்வு’ என்கிறேன். கடப்பாறையால் கல்லைப் பெயர்ப்பது போல. (மொழிபெயர்ப்பு நினைவுக்கு வந்தால் வரட்டும், அதுவும் ஓரிடத்திலிருந்து பெயர்ப்பதுதானே.) வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “எதிலீனுக்கு எதிர்மூலைப் பெயர்ப்பு மிகுதி, எதிர்மூலைத் தளர்வு குறைவு.” நிற்கிறது. ‘மறுபக்க விளைவு மிகுதி, மறுபக்கத் தாக்கம் குறைவு’ என்று எழுதிப் பாருங்கள், எனக்கே எது எதுவென்று தெரியவில்லை.

எண்முகி அணைவுகளுக்கு மூலை பொருந்துமா என்று கேட்பீர்கள். அங்கும் ஆறு மூலைகள், எதிரெதிராக மூன்று சோடிகள். ஓடும் என்றே நினைக்கிறேன்.

எனக்கு அரைமனதாக இருப்பது ‘தளர்வு’ மட்டும். பெயர்ப்பு என்பது ஈனி செய்வது, தளர்வு என்பது பிணைப்புக்கு நேர்வது. இசைவாக ‘தளர்த்தல்’ என்று வைக்கலாமா? நீங்கள் சொல்லுங்கள்.