அம்மா பின்பக்கமாக இறங்கினார்: நடக்கப் போய் மாட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் உண்டா?

மாம்பலம்வாசி:
நேரே விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவுக்கு 74. முட்டி ஆபரேஷன் முடிந்து நான்கு மாதம். கோயில் பக்கத்துத் தெருவில்தான், ஆட்டோ கூப்பிட்டால் சிரிப்பார்கள். நம் பிளாட்பாரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். ஏறும்போது கைகொடுத்துத் தூக்கிவிட்டேன். பாதி வழியில் கரண்ட் பெட்டி. சுற்றிப் போக இடமில்லை, இறங்கியே ஆக வேண்டும். அம்மா காலை நீட்டிப் பார்த்தார், எட்டவில்லை. ஒன்றும் பேசாமல் திரும்பி நின்று, அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குழந்தை கட்டிலிலிருந்து இறங்குமே, அப்படிப் பின்பக்கமாக ஒரு காலைக் கீழே விட்டார். பட்டுப்புடவை. பின்னால் பஸ் ஹார்ன். கால் தரையைத் தேடிக்கொண்டே இருந்தது.

நான் பிடித்துக்கொண்டேன். ஆனால் அதற்கு முன்னால், யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். அதுதான் உறுத்துகிறது. எழுதிவிட்டால் போகுமோ என்று எழுதுகிறேன்.

இரட்டையர் அம்மா:
எங்கள் வீட்டில் குழந்தை வண்டி பரண் மேல் இருக்கிறது, வாங்கிய அட்டைப்பெட்டி பிரிக்காமல். இரட்டைக் குழந்தைகள், இப்போது நாலு வயது. அந்த வண்டியில் ஒரு நாள்கூடப் போனதில்லை. எங்கே தள்ளுவது?

2019 நவம்பரில் பாண்டி பஜார் நடைபாதை வளாகம் திறந்தார்கள் இல்லையா, போன மாதம்தான் அங்கே கூட்டிப் போனேன். பனகல் பூங்கா பக்கம் இறங்கியதும் சின்னவள் என் கையை உதறிவிட்டு ஓடினாள். நான் கத்திக்கொண்டே துரத்தினேன். பத்தடி போன பிறகுதான் உறைத்தது, எதற்குக் கத்துகிறேன்? இந்த நடைபாதையில் வண்டி வராதே. நின்றுவிட்டேன். அவளும் நின்று என்னைப் பார்த்தாள், ‘அம்மா திட்டலையே’ என்று.

தெருவாசகன்:
சகோதரி, அந்த வளாகத்துக்கு நீங்கள் எதில் போனீர்கள்? காரில்தானே? நடப்பதற்குக் காரில் போகிற ஊர் நம்முடையது. முதல் பதிவுக்கு வருகிறேன். கரண்ட் பெட்டி சாக்கு, உண்மையான பிரச்சினை கடைகள். டீக்கடை, பழவண்டி, டிபன் தள்ளுவண்டி எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்தால் பாதி சென்னை நடக்கும். என் அனுபவமா? பஜ்ஜிக் கடை எண்ணெய் தெறித்துச் சட்டை போயிற்று. அவ்வளவுதான்.

புரசை ராணி:
சட்டை போனவருக்கு ஒரு வார்த்தை. போன சித்திரையில் அப்பாவோடு பாங்கிலிருந்து வருகிறேன். தெரு முழுக்கத் தேடினாலும் நிழலில் ஒரு பெஞ்சு கிடையாது. அப்பாவுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இளநீர் விற்கிற அம்மா தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலை எழுந்து கொடுத்தார். நாங்கள் கிளம்பும் வரை நின்றுகொண்டேதான் வெட்டினார். காசு கொடுத்தேன், இளநீருக்கு மட்டும் எடுத்துக்கொண்டார். அவரைத்தான் நீங்கள் ஒரே நாளில் எடுக்கச் சொல்கிறீர்கள். சாலையோர வியாபாரிகளுக்கு 2014-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. எங்கே கடை போடலாம் என்று இடம் ஒதுக்கச் சொல்கிறது, விரட்டச் சொல்லவில்லை.

தெருவாசகன்:
ஒரு இளநீர்க்காரம்மாவை வைத்து ஊரை அளக்காதீர்கள். உங்கள் அப்பாவுக்கு பெஞ்சு வேண்டும் என்றால் பெஞ்சு கேளுங்கள்.

பழைய ஓவர்சீயர்:
இருவரும் சண்டையை விடுங்கள். 31 வருடம் தெருப்பணியில் இருந்தவன் சொல்கிறேன். மாம்பலம்வாசி தம்பி, முதலில் ஒரு டேப் எடுத்து உயரத்தை அளக்கவும். சாலைகளுக்குத் தரம் வகுக்கிற அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐஆர்சி 103 என்ற வழிகாட்டியில் தெளிவாக இருக்கிறது: பிளாட்பார உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது, அதாவது ஆறு அங்குலம். குடியிருப்புத் தெருவிலும் தடையில்லாமல் நடக்க 1.8 மீட்டர் அகலம் வேண்டும். சரிவு வைத்தால் 12-க்கு 1. ஆறு அங்குலம் ஏற ஆறடி நீளச் சரிவு. உங்கள் தெருவில் ஒன்றரை அடியில் முடித்திருப்பார்கள், அது சரிவு அல்ல, சறுக்குமரம்.

ஏன் இப்படி ஆகிறது? பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே தார் போடுவது. ரோடு உயரும், வீடு பள்ளமாகும், மழைத்தண்ணீருக்குப் பயந்து அவரவர் வாசலில் மேடு கட்டுவார்கள். பத்தடிக்கு ஒரு ஏற்றம், பத்தடிக்கு ஒரு இறக்கம். 2014-லேயே மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கென்று சென்னை மாநகராட்சி ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்றது அது. மாநகராட்சிக்கு மனு கொடுங்கள், அதில் இதைக் கட்டாயம் குறிப்பிடவும். புகைப்படம் மூன்று: பக்கவாட்டில் ஒன்று, டேப்போடு ஒன்று, அம்மா நிற்கிற மாதிரி ஒன்று. அம்மாவுக்கு ரப்பர் செருப்பு வேண்டாம், பின்வார் வைத்தது வாங்கவும்.

என் அனுபவம் கேட்டீர்கள். 1994-ல் வேறு ஊரில் ஒரு பிளாட்பாரம் போட்டேன், 14 அங்குலம். டூவீலர் ஏறக் கூடாது என்று நானேதான் உயர்த்தினேன். நல்ல யோசனை என்று பாராட்டினார்கள். ஓய்வுக்குப் பிறகு அந்தத் தெருவிலேயே வீடு.

மாம்பலம்வாசி:
சார், நான் மனு எழுத வழி கேட்கவில்லை. அம்மாவை அங்கே நிற்கவைத்துப் படம் எடுக்க எனக்கு மனசு வராது. ஆனால் நன்றி.

ஈசூன்காரன்:
இங்கே சிங்கப்பூரில் எல்லாம் இருக்கிறது என்று ஆரம்பித்தால் அடிக்க வருவீர்கள், தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். சிக்னல் கம்பத்தில் மூத்தோர் அட்டையைத் தட்டினால் பச்சை விளக்கு கூடுதலாக 3 முதல் 13 விநாடி எரியும், சாலை அகலத்தைப் பொறுத்து. 2009-லிருந்தே உண்டு. அப்பா தட்டவே மாட்டார். ‘எனக்காக எல்லாரும் நிக்கணுமா’ என்பார். மூச்சிரைக்க ஓடுவார்.

ஒரு நாள் பள்ளிக்கூடப் பையன் ஒருவன் பக்கத்தில் நின்றிருந்தான். ‘அங்கிள், நீங்க தட்டுங்க, எனக்கும் டைம் கிடைக்கும், பேக் ரொம்ப வெயிட்’ என்றான். அப்பா தட்டினார். இருவரும் மெதுவாகப் போனார்கள். எனக்காக அவர் ஒரு தடவைகூடத் தட்டியதில்லை.

தெருவாசகன்:
இங்கே சிக்னலே எரிவதில்லை.

பாட்டியின் பேரன்:
எங்கள் பாட்டியின் மேஜை டிராயரில் இலவச பஸ் டோக்கன் கட்டுக்கட்டாக இருக்கும். 60 வயது தாண்டியவர்களுக்குச் சென்னையில் மாதம் 10. போய் வரிசையில் நின்று வாங்கிவிடுவார், ஆனால் படி ஏற முடியாது. 2024 ஆகஸ்டில் தாழ்தள பஸ் வந்ததும் டோக்கனும் கையுமாகக் கிளம்பினோம். பஸ்ஸும் வந்தது. ஸ்டாப்பில் வரிசையாக ஆட்டோ நின்றதால் ஓரத்துக்கு வர முடியாமல் நடுரோட்டில் நின்றது. பிளாட்பாரத்தை ஒட்டி நின்றால்தானே அது தாழ்தளம்? ரோட்டிலிருந்து ஏறினால் அதுவும் படிதான். பாட்டி டோக்கனை மறுபடி சுருக்குப் பையில் போட்டார், மடிப்பு கலையாமல்.

பிளஸ் டூ பையன்:
தாத்தா பாட்டி, குழந்தை என்று எல்லா வயசுக்கும் ஏற்ற ஊர் வேண்டும் என்றுதானே பேசுகிறீர்கள், அது எங்களுக்கும்தானே? பார்க்கில் ‘பந்து விளையாடக் கூடாது’ போர்டு. வைக்கச் சொன்னது வாக்கிங் வருகிற தாத்தாக்கள். போன வாரம் பந்து ஒரு தாத்தா காலடியில் உருண்டது. எடுத்து வேட்டி மடியில் சுருட்டிக்கொண்டு இன்னும் எட்டு ரவுண்டு நடந்தார். யார் போய்க் கேட்பது? ஒவ்வொரு ரவுண்டுக்கும் வயிறு குலுங்கக் குலுங்க எங்களைத் தாண்டிப் போனார்.

புரசை ராணி:
சிரித்துவிட்டேன். மன்னிக்கவும் தம்பி.

அடுத்த ஞாயிறு:
நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை. சித்தப்பா பெண் சக்கர நாற்காலியில் இருப்பவள். மெரினாவில் 2022 நவம்பர் கடைசியில் மரப்பாதை திறந்தார்கள், அலை பக்கம் வரை நாற்காலி போகும். அந்த வாரமே போகலாம் என்றாள். கூட்டமாக இருக்கும், அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்றேன். அந்த ஞாயிறு எனக்கு வேலை. அதற்குள் மாண்டஸ் புயல் வந்து பாதையின் கடல் பக்கத்தைப் பிய்த்துவிட்டது. திறந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பிறகு சரிசெய்தார்கள். அதற்குள் அவளுக்கு பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. போனில் கேட்டாள், ‘அண்ணா, கூட்டம் குறைஞ்சிருச்சா?’

பழைய ஓவர்சீயர்:
மரப்பாதையைக் கடற்கரை மணலில் போடும்போது அடித்தூண் ஆழம் முக்கியம். அதைப் பற்றி விரிவாக...

தெருவாசகன்:
சார், வேண்டாம்.

மாம்பலம்வாசி:
ஓவர்சீயர் சார், நேற்று அளந்துவிட்டேன். பதினொன்றே முக்கால் அங்குலம். டேப்பின் மறுமுனையை அம்மாதான் பிடித்துக்கொண்டார். உங்கள் பதிவைப் படித்துக் காட்டினேன். ஒன்று கேட்கச் சொன்னார்: அந்த 14 அங்குலத்தில் உங்கள் வீட்டம்மா எப்படி ஏறுகிறார்கள்?

பழைய ஓவர்சீயர்:
ஏறுவதில்லை. ரோட்டில்தான் நடக்கிறாள்.