‘த பிக் ஸ்லீப்’ எனக்கு ஏன் இவ்வளவு ஏமாற்றமளித்தது?

கேள்வி (வெள்ளவத்தை)

வணக்கம். குற்றத்தையும் இருண்ட சூழலையும் மையமாகக் கொண்ட ‘நுவார்’ வகைப் படங்களில் முதல் வரிசையில் வைத்துப் பேசப்படும் ‘த பிக் ஸ்லீப்’ என்ற 1946ஆம் ஆண்டுப் படத்தை, பல வருடங்களாகப் பார்க்க எண்ணியிருந்து, சென்ற போயா (பௌர்ணமி) விடுமுறையில்தான் ஆறுதலாக இருந்து பார்த்தேன். ஹம்பிறி போகார்ட் நடித்த துப்பறிவாளர் மார்லோ, நோயாளியான முதிய ஜெனரலை ஓர்கிட் செடிகள் வளரும் கண்ணாடி வீட்டினுள் சந்திக்கும் தொடக்கக் காட்சியில், அந்தப் புழுக்கம் என் உடம்பிலும் படிந்ததுபோல் உணர்ந்தேன். ஆனால் ஒரு மணித்தியாலம் கழிந்த பின்னர் யார் யாரைக் கொன்றார், எதற்காகக் கொன்றார் என்பதே எனக்கு விளங்கவில்லை. ஜெனரலின் சாரதி காரோடு கடலில் மூழ்கி இறந்து கிடக்கிறார். அவருக்கு என்ன நேர்ந்தது என்பது கடைசிவரை தெளிவாகவில்லை. மறுநாள் முதற் பாதியைத் திரும்பவும் பார்த்தேன், பயனில்லை. விரும்ப வேண்டுமென்ற ஆசையோடு பார்க்கத் தொடங்கிய படம் இது. குறை என் கவனத்திலா, படத்திலா?

மறுமொழி (கொட்டாஞ்சேனை)

உங்கள் கவனத்தில் குறையில்லை. அந்தச் சாரதி கொல்லப்பட்டாரா, தானாக இறந்தாரா என்று படப்பிடிப்பின்போதே இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸுக்கும் போகார்ட்டுக்கும் விவாதம் எழுந்து, மூல நாவலை எழுதிய ரேமண்ட் சாண்ட்லருக்குத் தந்தி அனுப்பிக் கேட்டார்கள். தமக்கும் தெரியவில்லை என்று அவரே பிற்பாடு ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

குழப்பத்துக்கு வேறு இரு காரணங்களும் உண்டு. முதலாவது, அக்கால ஹொலிவுட் தணிக்கை விதிகள். ஜெனரலை மிரட்டிப் பணம் கேட்கும் கைகர் நடத்தும் புத்தகக்கடை நாவலில் ஆபாசப் புத்தகங்களை இரவல் கொடுக்கும் இடம். படத்தில் அதை வெளிப்படையாகச் சொல்ல முடியாததால், ஜெனரலின் இளைய மகளை எடுத்த ஒரு புகைப்படத்துக்காக ஏன் இத்தனை பேர் மிரட்டுகிறார்கள், பயப்படுகிறார்கள் என்பது பார்ப்பவருக்குப் பிடிபடுவதில்லை. இரண்டாவது, படம் 1945இலேயே முடிந்துவிட்டது. போர் ஓய்வதற்குள் போர்ப் படங்களை வெளியிட்டுவிட வேண்டுமென்று வோர்னர் நிறுவனம் இதை ஒத்திவைத்தது. அந்த இடைவெளியில், ஜெனரலின் மூத்த மகள் விவியனாக நடித்த லோரன் பகோலின் வேறொரு படம் கடுமையாக விமர்சிக்கப்பட்டதால், அவருடைய முகவரின் வற்புறுத்தலின் பேரில் அவருக்கும் போகார்ட்டுக்குமான காட்சிகள் 1946இல் புதிதாக எடுத்துச் சேர்க்கப்பட்டன. அவற்றுக்கு இடம் விடுவதற்காக, அரச வழக்குரைஞரின் அலுவலகத்தில் மார்லோ நடந்ததையெல்லாம் ஒழுங்காக எடுத்துச் சொல்லும் காட்சியை வெட்டினார்கள். நீங்கள் தேடிய விளக்கம் அங்கேதான் இருந்தது.

மறுமொழி (தெஹிவளை)

மேலே சொல்லப்பட்டவை எல்லாம் உண்மை. ஆயினும் ஒரு படம் ஏன் விளங்கவில்லை என்பதற்கான காரணம் தெரிந்தவுடன் அந்தப் படம் விளங்கிவிடுவதில்லை. நான் மூன்று தடவை பார்த்தவன். குதிரைப் பந்தயத்தைச் சாக்காக வைத்து மார்லோவும் விவியனும் ஒருவரையொருவர் ஆழம் பார்க்கும் அந்த உரையாடல் இரண்டாம் தடவைதான் எனக்குப் பிடித்தது, அதுவும் ஆங்கில உபதலைப்பை நிறுத்தி நிறுத்தி வாசித்த பிறகு. அது 1946இல் சேர்த்த காட்சி என்பதால், வெட்டியதை மட்டும் எண்ணி வருந்துவதும் நியாயமாகாது.

எனக்கு இன்றும் ஆறாத ஏமாற்றம் இளைய மகள் கார்மன் விடயத்தில்தான். நாவலில், காணாமற்போன விவியனின் கணவர் ரீகனைக் கொன்றவள் அவளே. படத்திலோ பழி சூதாட்ட விடுதி நடத்தும் எடி மார்ஸின் பக்கம் திருப்பப்படுகிறது. மார்த்தா விக்கர்ஸ் அத்தனை கலக்கத்தோடு நடித்துக் காட்டிய அந்தப் பெண் இறுதிப் பகுதியில் கண்ணிலேயே படுவதில்லை. இதே வகையில் நம் மொழியில் 1954இல் எஸ். பாலச்சந்தர் எடுத்த ‘அந்த நாள்’, ஒரே கொலையைப் பலர் வாயிலாகத் திரும்பத் திரும்பச் சொல்லியும், பாட்டு ஒன்றுகூட இல்லாமல், பார்ப்பவரைக் கைவிடாமல் முடிவுக்குக் கொண்டு செல்கிறது. ஆகவே தெளிவை எதிர்பார்த்தது உங்கள் தவறு என்று எவரும் சொன்னால் ஏற்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. கார்மனைப் பற்றி வாசித்தபோதுதான் என் மனத்தை உறுத்தியது எதுவென்று புரிந்தது: தந்தை அந்தக் கண்ணாடி வீட்டில் தம் மகள்மாரைப் பற்றிச் சொன்ன கசப்பான வார்த்தைகளுக்குப் பின்னால் இருப்பதைக் காணவே நான் கடைசிவரை காத்திருந்தேன். 1945ஆம் ஆண்டு வடிவம் 1997இல் திரையரங்குகளுக்கு வந்ததாக இப்போது தேடி அறிந்தேன். அடுத்த போயாவுக்குள் அதன் பிரதி கிடைத்தால், முதலில் அந்த அலுவலகக் காட்சியைப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.