வீட்டுக் கணினியில் டிடி ஃப்ரீ டிஷ்: காரைக்குடி பக்கம் மாட்டியவர்கள் அனுபவத்தை இங்கே எழுதுங்கள்

கானாடுகாத்தான் மாடி

சிக்னல் 85, குவாலிட்டி 0. அந்தத் திரைதான் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. 60 செ.மீ. டிஷ், அதன் முன்னால் அலையை வாங்கும் யுனிவர்சல் எல்என்பி, கணினியில் செயற்கைக்கோள் டியூனரான டிவிபி-எஸ்2 கார்டு, சேனல்களைப் பிரித்துப் பதிவும் செய்யும் டிவிஹெட்எண்ட் மென்பொருள், மேலே படம் காட்ட 'கோடி' (Kodi) பிளேயர். வழக்கமான செட்டப்தான். திசையும் சரி. நம்ம வட்டாரத்தில் 93.5 டிகிரி கிழக்கில் இருக்கும் ஜிசாட்-15ஐ, அதாவது ஃப்ரீ டிஷ் வரும் செயற்கைக்கோளைப் பிடிக்க வடக்கிலிருந்து 124 டிகிரி, அதாவது தென்கிழக்கு. ஏற்றம் 69 டிகிரி. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் எங்கே வைத்தாலும் இதில் பெரிய மாற்றம் வராது.

மாட்டிவிட்டுப் போனவர் எல்என்பியை 27 டிகிரிக்குத் திருப்பி வைத்திருந்தார் (இந்தத் திருப்பத்துக்குத்தான் ஸ்க்யூ என்று பெயர்). அது டெல்லிக் கணக்கு. இங்கே வேண்டியது 55 டிகிரி. நாம் நிலநடுக்கோட்டுக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு அதிகமாகத் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் ஃப்ரீ டிஷ் வரும் செங்குத்து அலை குறைவதோடு, அதே அலைவரிசையில் கிடைமட்டத்தில் வேறு சிக்னல் இருந்தால் அதுவும் உள்ளே கலக்கும். சிக்னல் அளவு மட்டும் குறையாது, ஏனென்றால் அது எல்என்பியின் சொந்த இரைச்சலையும் சேர்த்துத்தான் காட்டுகிறது. 85-ஐப் பார்த்துவிட்டு டிஷ் சரி, கார்டுதான் கோளாறு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

கிளாம்ப் ஸ்குரூவை அரைச் சுற்று தளர்த்தி, டிஷ்ஷுக்குப் பின்னால் நின்று வானத்தைப் பார்த்தபடி இடஞ்சுழியாக மெல்லத் திருப்பினால், 45-ஐத் தாண்டும்போது கார்டு சிக்னலைப் பிடித்து லாக் விழுந்தது. குவாலிட்டி 6 டெசிபல், 9, அப்புறம் 11.8. டிஷ்ஷை ஒரு மில்லிமீட்டர்கூட அசைக்கவில்லை.

செம்புக்கம்பி

அண்ணே, ஸ்க்யூ முக்கியந்தான். ஆனால் அதை முதல் சந்தேகமாக வைப்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். முதலில் பார்க்க வேண்டியது வோல்ட்.

நம்ம செட்டிநாட்டு வீடுகள் தெருவுக்குத் தெரு நீளுகிறவை. முகப்பு மாடியில் டிஷ், உள்ளே இரண்டாம் கட்டுப் பகுதியில் டிவி என்றால் கேபிள் 70 மீட்டர் சாதாரணமாக ஓடும். அப்படி ஒரு வீட்டில் படம் உறைந்து நிற்கும், திரும்ப வரும், மறுபடி நிற்கும். மல்டிமீட்டரை எல்என்பி முனையில், எல்என்பி மாட்டிய நிலையிலேயே வைத்துப் பார்த்தால், படம் உறைகிற அதே நேரம் 10.9 வோல்ட். கார்டு கொடுப்பது 13. எல்என்பியைக் கழற்றிவிட்டு அளந்தால் 13 அப்படியே காட்டும். லோடு இல்லாமல் அளப்பதில் பயனே இல்லை.

காரணம் கேபிள். விலை குறைந்த ஆர்ஜி-6 டிஷ் கேபிளில் நடுக்கம்பி செம்பு பூசிய இரும்பு. 100 மீட்டருக்கு நடுக்கம்பி மட்டும் 9 ஓம் பக்கம் வரும், வெளியே சுற்றிய கம்பி வலையான ஷீல்டும் மெல்லியது. முழுச் செம்பு என்றால் 2 ஓம் சொச்சம்தான். வாங்கும்போது சின்னக் காந்தம் ஒன்றைக் கையில் கொண்டு போங்கள். நடுக்கம்பி காந்தத்தில் ஒட்டினால் அந்தச் சுருளை எடுக்காதீர்கள்.

செங்குத்து அலைக்கு கார்டு எல்என்பிக்கு 13 வோல்ட் தரும், கிடைமட்டத்துக்கு 18. ஃப்ரீ டிஷ் முழுக்கச் செங்குத்து, அதாவது 13 வோல்ட் பக்கம். 18 வோல்ட்டில் இரண்டு வோல்ட் போனாலும் தாங்கும். 13-ல் போனால் எல்என்பி மூச்சை நிறுத்திவிடும். சிக்னல் இழப்பைப் பற்றி இவ்வளவு கவலை வேண்டாம்: 70 மீட்டருக்கு 20 டெசிபல் போனாலும் எல்என்பி 50-க்கு மேல் பெருக்கித் தருகிறது. கார்டில் நாலு பின் பவர் சாக்கெட் இருந்தால் கணினியின் பவர் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வயர் கட்டாயம் சொருக வேண்டும். யுஎஸ்பி டியூனர் என்றால் அதோடு வந்த 12 வோல்ட் அடாப்டர் வேண்டும். யுஎஸ்பி துளை மட்டும் எல்என்பியைச் சுமக்காது.

இரண்டாங்கட்டு

70 மீட்டர் கேபிளே எதற்கு? முகப்புக்கு மேலே உள்ள மாடி அறையில், டிஷ் சிக்னலை லேனுக்கு மாற்றித் தரும் சாட்-ஐபி பெட்டி ஒன்றை வைத்து, எல்என்பியிலிருந்து 5 மீட்டர் கேபிள், அங்கிருந்து லேன் வயர். லேன் 100 மீட்டர் வரை போகும். டிவிஹெட்எண்ட் அந்தப் பெட்டியைத் தானாகவே கண்டுபிடித்து டியூனராகக் காட்டும். எஸ்டி (சாதாரணத் தரம்) சேனல் ஒன்றுக்கு 3 மெகாபிட் இருந்தால் போதும். வைஃபை மட்டும் வேண்டாம். இந்தச் சுவர்களைத் தாண்டும்போது அது இழக்கும் பாக்கெட் ஒவ்வொன்றும் திரையில் கட்டமாக உடையும்.

பார்த்த இடத்தில் ஒரே ஒரு தொல்லை, சித்திரை மாதத்து மாடி அறைச் சூடு. மதியம் பெட்டி தன்னையே ரீஸ்டார்ட் செய்துகொண்டது. ஜன்னலை ஒட்டி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி மாட்டியதும் நின்றுவிட்டது.

சிராவயல் பக்கம்

லாக், வோல்ட் எல்லாம் சரியாக வந்தபிறகு வரும் கோளாறை யாரும் எழுதவில்லை. பொங்கல் சமயம் டிடி தமிழில் மஞ்சுவிரட்டு. மாடு தலையைத் திருப்பும்போதெல்லாம் கொம்பு இரண்டும் சீப்புப் பல் மாதிரி பிரிந்து தெரிந்தது. சிக்னல் கோளாறு என்று மாடியேறிப் போய் டிஷ்ஷைத் திருகத் தொடங்கிவிட்டார்கள்! அது இன்டர்லேஸ். வருவது 576 கோடு, பாதிப் பாதியாக நொடிக்கு 50 முறை. செட்டாப் பெட்டி அதைத் தானே சேர்த்துவிடும், கணினியில் நாம்தான் சொல்ல வேண்டும்.

கோடியில் படம் ஓடும்போதே வீடியோ செட்டிங்கில், பாதிகளைச் சேர்க்கும் டீஇன்டர்லேஸை ஆட்டோவில் வைக்கவும். முறையை நாமே தேர்ந்தெடுப்பதென்றால், இன்டெல் சிப்புக்கு விஏஏபிஐ, இல்லாவிட்டால் பாப். அதோடு நிறுத்தக்கூடாது. டிவி 60 ஹெர்ட்ஸில் இருந்தால் கீழே ஓடும் செய்தி வரி விக்கி விக்கி ஓடும். 'டிஸ்ப்ளே ரிஃப்ரெஷ் ரேட்டைச் சரிசெய்' என்பதை இயக்கி 50 ஹெர்ட்ஸுக்குப் போக விடுங்கள். ராஸ்பெர்ரி பை 4 குட்டிக் கணினியில் எம்பெக்-2 வீடியோவுக்கு ஹார்டுவேர் டிகோடர் கிடையாது. ஆனாலும் எஸ்டி படத்தைப் பிராசசரே சமாளித்துவிடும், பயப்பட வேண்டாம்.

கானாடுகாத்தான் மாடி

செம்புக்கம்பி தம்பி, 10.9 வோல்ட் என்றால் விட்டு விட்டு வரும். நான் சொன்ன வீட்டில் படம் வரவே இல்லை. இரண்டு அறிகுறியும் வேறு. குவாலிட்டி ஒருபோதும் எழவில்லை என்றால் திசை அல்லது ஸ்க்யூ. எழுந்து விழுந்தால் வோல்ட் அல்லது கனெக்டர். இதைப் பிரித்துப் பார்த்துவிட்டு மாடியேறினால் பாதி வேலை மிச்சம்.

பள்ளத்தூர்

மார்ச் நடுவில் பதிவு செய்த நிகழ்ச்சி ஒன்று. காலை 11:15 வாக்கில் சில நிமிடம் படமே இல்லை, கறுப்பு. மழை இல்லை, கரண்ட் போகவில்லை. மறுநாளும் ஏறக்குறைய அதே நேரம்.

சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. நம்ம பகுதிக்கு ஜிசாட்-15 விஷயத்தில் மார்ச் நடுவாக்கிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள் இது நடக்கும். செப்டம்பரில் 11 மணிக்குச் சற்று முன்னால். ஒன்றும் செய்ய முடியாது, செய்யவும் வேண்டாம்.

ஆனால் இதை வேலைக்குப் பயன்படுத்தலாம். புதிதாக டிஷ் வைக்கப் போகிறவர்கள் அந்த நாட்களில், அந்த நேரத்தில், நினைத்த இடத்தில் போய் நில்லுங்கள். முகத்தில் வெயில் நேராக விழுந்தால் தடை இல்லை. பக்கத்து வீட்டு மாடமோ தென்னை ஓலையோ நிழல் தட்டினால் அந்த இடம் ஆகாது. ஃபோன் காம்பஸைவிட இது நம்பகம். முற்றத்துக் கம்பி வலைக்குப் பக்கத்தில் காம்பஸ் முள் எங்கெங்கோ இழுக்கும்.

தேவகோட்டை ரஸ்தா

கேட்காமலே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மாடியில் கேபிள் முனையின் எஃப் கனெக்டரைத் தொட்டவுடன் சுருக்கென்று இழுத்த வீடு ஒன்று. பழைய இரட்டை வயர் வயரிங், எர்த் கிடையாது. எர்த் இல்லாத பிளக்கில் கணினியைச் சொருகினால் எஸ்எம்பிஎஸ் ஃபில்டர் வழியாக மெயின்ஸின் பாதி வோல்ட் கேபினெட்டில் நிற்கும். கரண்ட் அளவு சின்னதுதான், ஆனால் அது கேபிள் ஷீல்டு வழியாக டிஷ் வரை போகிறது. ஈர மாடியில் வெறுங்காலோடு நிற்பவர் திடுக்கிட்டுக் கையை உதறினால் விழுவது முற்றத்தில்.

ஆகவே எல்லாவற்றுக்கும் முன்னால் எர்த். டிஷ் கம்பத்திலிருந்து 16 சதுர மி.மீ. செம்பு, கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கிரவுண்டிங் பிளாக் வைத்து அதற்கு 4 சதுர மி.மீ. இரண்டும் வீட்டு மெயின் எர்த்தோடு சேர வேண்டும். டிஷ்ஷுக்கென்று தனிக் குழி வெட்டி அதை வீட்டு எர்த்தோடு இணைக்காமல் விட்டால், பக்கத்தில் இடி விழும்போது இரண்டு குழிக்கும் இடையே வரும் வோல்ட் வித்தியாசம் கார்டு வழியாகத்தான் பாயும். நேரே விழும் இடியை இது தடுக்காது. ஐப்பசி கார்த்திகையில் வானம் இருட்டினால் கேபிளையும் பிளக்கையும் கழற்றி வைப்பதே நல்லது.

அடுத்து கனெக்டர். திருகி மாட்டும் வகை வேண்டாம், கம்ப்ரெஷன் வகை போடுங்கள். ஷீல்டின் ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட், கார்டு எல்என்பி சப்ளையை நிறுத்திவிடும். வெளியே இருக்கும் கனெக்டருக்கு இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப், கீழிருந்து மேலாக. எல்என்பிக்கும் சுவருக்கும் நடுவில் கேபிள் ஒரு வளைவு தொங்க வேண்டும், மழைத்தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

கடைசியாக, தயவுசெய்து சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் டிரில் போடாதீர்கள். வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்து மெருகேற்றிய பூச்சு ஒரு இடத்தில் விரிந்தால் பாளம் பாளமாக எழும். அதைத் திரும்பப் பூசும் கொத்தனார் கிடைப்பது பெரும்பாடு. முற்றம் எதற்கு இருக்கிறது? கம்பி வலை வழியாக இறக்கி, மழைநீர்க் குழாயை ஒட்டி, தாழ்வாரத்து உத்தரத்தின் மேல்பக்கமாகக் கொண்டு போங்கள். வளைக்கும் இடத்தில் 7 செ.மீ.க்குக் குறையாத ஆரம். தேக்குத் தூணில் ஆணி வேண்டாம், பருத்திக் கயிறு கட்டினாலே நிற்கும்.

இரண்டாங்கட்டு

ஐயா எர்த் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. மாடிக்கும் கணினிக்கும் நடுவில் ஃபைபர் மீடியா கன்வர்ட்டர் ஜோடி ஒன்று போட்டால் அந்த வழியில் மின் தொடர்பே இருக்காது. சாட்-ஐபி வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

புதுவயல் ஸ்கேன்

டிவிஹெட்எண்டில் தயாராக இருக்கும் மக்ஸ் (அலைவரிசை) பட்டியலை நம்பினால் பழைய இன்சாட்-4பி செயற்கைக்கோள் காலத்து அலைவரிசைகள் வந்து நிற்கும். பாதி 'ஃபெயில்' என்று சிவப்பாக இருந்த அந்தத் திரையைப் பார்த்துவிட்டு டிஷ்ஷைக் குறை சொன்னார்கள். கையாலேயே போடுங்கள்: அலைவரிசை 11090, செங்குத்து, சிம்பல் ரேட் 29500. அது லாக் ஆனதும் நெட்வொர்க் டிஸ்கவரியை இயக்கினால் மற்றவற்றைப் பெரும்பாலும் அதுவே இழுத்து வரும். எல்என்பி வகை யுனிவர்சல், 9750/10600. ஃப்ரீ டிஷ் எல்லாம் 11700-க்குக் கீழே, ஆகவே 9750 பக்கம்தான் வேலை செய்யும், 10600 பக்கம் மாற்றும் 22 கிலோஹெர்ட்ஸ் டோன் வேண்டாம்.

லாக் ஆகியும் பூட்டிய சேனல் பெயர்களாகவே வந்தால் நெட்வொர்க் பெயரைப் பாருங்கள். பக்கத்திலேயே 91.5 டிகிரியிலும் 95 டிகிரியிலும் கட்டண டிடிஎச் செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. பீப் அடிக்கும் சின்ன மீட்டர் மூன்றையும் ஒரே மாதிரிதான் சொல்லும்.

கார்டுக்குத் தனி டிரைவர் கம்பைல் செய்திருந்தால் கர்னல் அப்டேட்டைத் தானாக நடக்க விடாதீர்கள். மறுநாள் டியூனரே காணாமல் போயிருக்கும்.

கோட்டையூர்

பூட்டிய வீடு பற்றி ஒன்று. பிள்ளைகள் சிங்கப்பூரில், வீடு திறப்பது படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கும். கணினி மட்டும் ஆச்சிக்காகப் பதிவு செய்துகொண்டிருக்க வேண்டும், வரும்போது பார்ப்பார்கள். திறந்து பார்த்தால் பதிவு எல்லாவற்றிலும் பல வருடம் முந்தைய ஜனவரி 1 என்று தேதி. கேட்ட நிகழ்ச்சி எதுவும் இல்லை, நேரம் தப்பி ஏதேதோ இருந்தன. இடையில் மெயினை இறக்கி வைத்திருந்த மாதங்களில் போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்து கடிகாரம் பழைய தேதிக்குப் போயிருந்தது.

பேட்டரியை மாற்றுங்கள். டிவிஹெட்எண்டில் ஒளிபரப்பிலிருந்தே நேரத்தை எடுத்துக்கொள்ளும் வசதியை இயக்குங்கள். இணையம் இல்லாத வீட்டில் அதுதான் கை கொடுக்கும். கணினியின் தொடக்க அமைப்பான பயாஸில் 'கரண்ட் வந்தால் தானாக இயங்கு' என்று வையுங்கள். நேரம் வைத்து எழுப்புவதென்றால், லினக்ஸ் வழக்கமாகப் போர்டு கடிகாரத்தை உலக நேரத்தில் வைக்கிறது: மாலை 7 மணி நிகழ்ச்சிக்கு 13:30, கணினி கிளம்ப ஐந்து நிமிடம் முன்னதாக 13:25. எஸ்டி ஒரு மணி நேரம் ஏறக்குறைய 1.3 ஜிபி, ஒரு டெராபைட் டிஸ்க்கில் எழுநூறு மணி நேரம் அடங்கும். இன்வெர்ட்டரை யுபிஎஸ் மோடில் வையுங்கள். சாதாரண மோடில் கரண்ட் மாறும் இடைவெளியில் கணினி ரீஸ்டார்ட் ஆகி, ஓடிக்கொண்டிருக்கும் பதிவு இரண்டு துண்டாகிவிடும்.