பயணத்தில் பிடித்த மீனைக் கையோடு கொண்டுவருவது: சரியா, தவறா?

கருநீர்:
அமேசான் ஓடைகளுக்கோ ஆப்பிரிக்க ஏரிகளுக்கோ போகிற, தொட்டியில் அலங்கார மீன் வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் இந்தக் கேள்வி வரும். வலையில் ஏறிய பத்துச் சிறு மீன்களை வீட்டுக்குக் கொண்டுவரலாமா? தாராளமாகக் கொண்டுவரலாம் என்கிறேன், பேக்கிங் ஒழுங்காக இருந்தால். பிடித்த மீனுக்கு 48 மணி நேரம் தீனி போடக்கூடாது. பிளெக்கோ (வாயால் ஒட்டிக்கொள்ளும் கெளுத்தி வகை) மாதிரி பெரிய வயிறு உள்ளவற்றுக்கு மூன்று நாள். குடல் காலியாக இருந்தால்தான் பையில் அமோனியா குறையும். 3 செ.மீ. டெட்ரா மாதிரிச் சிறு மீன் என்றால் அரை லிட்டர் நீருக்கு மூன்று. பையில் மூன்றில் ஒரு பங்கு நீர், மீதி ஆக்சிஜன். மூலைகளில் மீன் சிக்கி நசுங்கும், எனவே இரண்டு மூலைகளையும் மடித்து டேப் ஒட்டுங்கள். இரண்டாவது பையைத் தலைகீழாகப் போட்டு மூடி, தெர்மாகோல் பெட்டியில் அடுக்குங்கள். பையை மத்தளம்போல இறுக்கி ஊதவேண்டாம். பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால் பங்குக்கு இறங்கும், உள்ளே உள்ள வாயு அந்த அளவுக்கு விரியும். வீடு சேர்ந்ததும் இரண்டு மணி நேரம் சொட்டுச்சொட்டாகத் தொட்டி நீரைக் கலந்து பழக்கிவிட்டால் வேலை முடிந்தது.

அயிரை:
பேக்கிங் கடைசி வேலை நண்பரே. அதற்கு முன்னால் நான்கு கதவுகள் இருக்கின்றன: பிடிக்க அனுமதி, அந்த நாட்டை விட்டு வெளியே எடுத்துப்போக அனுமதி, நம் நாட்டுக்குள் கொண்டுவர அனுமதியும் கால்நடை மருத்துவரின் நலச் சான்றும், கடைசியாக விமான நிறுவனத்தின் சம்மதம். சுற்றுலாப் பயணிக்குக் கொடுக்கும் தூண்டில் உரிமம் இவற்றில் ஒன்றுக்குக்கூட ஈடாகாது. பல விமான நிறுவனங்கள் உயிர்மீனைச் செக்-இன் லக்கேஜில் ஏற்றுவதே இல்லை. கைப்பையில் எடுத்தால் பெரும்பாலான விமான நிலையங்களில் 100 மி.லி. திரவ வரம்பு குறுக்கே நிற்கும். அமெரிக்கப் பாதுகாப்புச் சோதனையில் ஒளிபுகும் பாத்திரத்தில் நீரோடு இருக்கும் மீனை விடுகிறார்கள் என்பது உண்மை. ஆனால் அது விமானம் ஏறும் முன் வரும் சோதனை வாசல் மட்டும். இறக்குமதி அனுமதி அல்ல.

"சைட்டீஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) பட்டியலில் இல்லை, அப்படியானால் தடையில்லை" என்று பலர் நம்புகிறார்கள். அது மிகத் தவறு. பிரேசிலின் ஷிங்கு ஆற்றில் வாழும் ஜீப்ரா பிளெக்கோவை சைட்டீஸ் இரண்டாம் பட்டியலில் சேர்த்தது 2022 பனாமா மாநாட்டில்தான். பிரேசிலின் சொந்தத் தடையோ அதற்குப் பல ஆண்டுகள் முந்தையது. ஒரு நாட்டின் சட்டத்தை மீறிப் பிடித்த உயிரை அமெரிக்காவுக்குள் கொண்டுபோனால், 1900ஆம் ஆண்டின் லேசி சட்டப்படி அங்கேயும் அது குற்றம். பட்டியலை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள்.

தொட்டிமணி:
அனுமதிச் சண்டையை நீங்கள் நடத்துங்கள். கருநீர் அண்ணா சொன்ன அந்த இரண்டு மணி நேரச் சொட்டு முறையை மட்டும் யாரும் பின்பற்றவேண்டாம். கடையிலிருந்து அரை மணி நேரத்தில் வரும் மீனுக்கு அது சரி. 30 மணி நேரம் மூடியிருந்த பைக்கு அது நஞ்சு.

காரணம் இது. மீன் விடும் கரியமில வாயு பைக்குள் சேர்ந்து பி.எச்.சை இறக்குகிறது, அதாவது நீரை அமிலமாக்குகிறது. பி.எச். குறைந்த நீரில் அமோனியா ஏறக்குறைய முழுவதும் அம்மோனியம் அயனியாக இருப்பதால் மீனுக்குப் பெரிய கேடில்லை. பையைத் திறந்த நிமிடத்திலிருந்து கரியமில வாயு வெளியேறும், பி.எச். ஏறும், அம்மோனியம் திரும்ப அமோனியாவாகும். 25 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான பங்குதான் நச்சு வடிவம், பி.எச். 8 என்றால் ஐந்துக்கும் மேல். நீங்கள் சொட்டுச்சொட்டாகச் சேர்க்கும் தொட்டி நீர் அந்த ஏற்றத்தை இன்னும் வேகப்படுத்தும்.

பையைத் திறக்காமல் 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமன் செய்யுங்கள். திறந்ததும் மீனை மட்டும் வலையில் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். விளக்கு அணைந்திருக்கட்டும்.

கருநீர்:
அமேசானின் கிளை ஆறான ரியோ நீக்ரோவின் கருநிற அமில நீரில் வாழும் மீன் பி.எச். 4.5 அளவில் வாழ்வது. அதை எடுத்த எடுப்பில் குழாய் நீரில் போட்டால் செவுள் என்ன ஆகும்?

தொட்டிமணி:
குழாய் நீரில் போடச் சொல்லவில்லையே. தொட்டியை முன்கூட்டியே அந்த மீனுக்கு ஏற்றபடி தயார் செய்துவைக்கவேண்டும். பிடித்த இடத்திலேயே பி.எச்., டி.டி.எஸ். (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு), வெப்பநிலை மூன்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஆர்.ஓ. நீரில் கொஞ்சம் குழாய் நீர் கலந்து அந்த டி.டி.எஸ்.ஸுக்குக் கிட்டத்தில் கொண்டுவாருங்கள். கடினநீருக்கு மாற்றுவதைப் பிறகு வாரக்கணக்கில் மெதுவாகச் செய்யலாம்.

பேக்கிங்கில் விட்டுப்போனவை: கோரிடோராஸ் என்ற சிறு கெளுத்தி மிரண்டால் நஞ்சு கக்கும், முதல் பையில் பத்து நிமிடம் விட்டு, நீரை மாற்றி மறுபடி கட்டவேண்டும். முள் உள்ள பிளெக்கோ பையைக் கிழிக்கும், அதற்குக் கெட்டி டப்பா. நன்னீர்ப் பையில் ஒரு சிட்டிகை ஜியோலைட் என்ற கனிமம் அம்மோனியத்தை உறிஞ்சும். கடல்நீரில் சோடியம் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் பயனில்லை. காற்றை ஊடுருவவிடும் பிரீதர் பையைப் பயன்படுத்தினால் அதை இன்னொரு பிளாஸ்டிக் பைக்குள் போடாதீர்கள். அந்தப் பெட்டியில் ஹீட் பேக்கும் வைக்காதீர்கள். ஹீட் பேக்கில் இருப்பது இரும்புத்தூள், அது சூடாவதே ஆக்சிஜனை எடுத்துத்தான்.

அயிரை:
வீடு வந்த பிறகு இருக்கும் ஆபத்தையும் பேசுவோம். 2003இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஒரு பண்ணையில் மர்ரே காட் மீன்கள் கூட்டமாகச் செத்தன. அவற்றில் கண்ட வைரஸ், அலங்கார மீனான குள்ள கௌராமியின் இரிடோவைரஸோடு ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. வளர்ப்பு மீன் வழியாக ஒரு நாட்டின் ஆற்றுமீனுக்கே நோய் தாவும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? கண்ணுக்கு நலமாகத் தெரியும் காட்டுமீனில் குடற்புழு, செவுள் ஒட்டுண்ணி இல்லாமல் இருப்பது அரிது. ஆறு வாரம் தனித்தொட்டி, தனி வலை, தனிக் குழாய். ஆசனவாயில் சிவப்பு நூல் தொங்கினால் கமலானஸ் புழு: லிட்டருக்கு 2 மி.கி. லெவமிசோல் (புழு மருந்து), 24 மணி நேரம், விளக்கில்லாமல். பிறகு அடியில் விழுந்த புழுக்களை உறிஞ்சி எடுத்துப் பாதிக்கு மேல் நீர் மாற்றம். மூன்று வாரம் கழித்து மறுபடி. பை நீரைத் தொட்டியிலும் ஊற்றாதீர்கள், சாக்கடையிலும் ஊற்றாதீர்கள். லிட்டருக்கு 10 மி.லி. பிளீச் கலந்து ஒரு மணி நேரம் வைத்த பிறகே கொட்டவேண்டும்.

பவளம்:
கடல் மீன் பக்கமாக ஒரே வார்த்தை: வேண்டாம். ஆழத்திலிருந்து மேலே தூக்கினால் காற்றுப்பை உப்பும். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியக் கரைகளில் விலைக்குக் கிடைப்பது சயனைடு அடித்துப் பிடித்ததா என்று பார்த்துச் சொல்ல உங்களால் முடியாது. ஈரல் கெட்ட மீன் சில வாரம் நன்றாக நீந்திவிட்டுத்தான் சாகும்.

கருநீர்:
காட்டில் பிடிப்பதே பாவம் என்பதுபோல் பேச்சு போகிறது, அதை நான் ஏற்கமாட்டேன். ரியோ நீக்ரோ கரையில் பார்செலோஸ் மக்கள் கார்டினல் டெட்ரா பிடித்துத்தான் வாழ்கிறார்கள். வெள்ளம் வடியும்போது குட்டைகளில் சிக்கி எப்படியும் ஏராளமாகச் சாகும் மீன் அது. மீனுக்கு விலை இருக்கும்வரை காட்டை அவர்களே காப்பார்கள் என்பதுதான் அங்கே இந்த மீன் வணிகத்தை ஆதரிக்கும் புரொஜெக்ட் பியாபா திட்டத்தின் அடிப்படை.

அயிரை:
முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நியாயம் உங்கள் பெட்டிக்குப் பொருந்தாதே! நீங்களே வலை போட்டு நீங்களே எடுத்துவந்தால் பார்செலோஸ் மீனவருக்கு என்ன கிடைக்கிறது? அவருக்குப் பணம் போகவேண்டுமென்றால் ஏற்றுமதியாளரிடம் வாங்குங்கள்.

கருநீர்:
வணிகத்தில் வராத இனங்களும் இருக்கின்றனவே. கில்லி என்ற சிறு வண்ணமீனைப் பாருங்கள்: ஒரே இனம், இரண்டு குட்டை, இரண்டு நிறம். அதனால்தான் கில்லி வளர்ப்பவர்கள் பெயரோடு இடத்தையும் ஆண்டையும் சேர்த்து எழுதி, கலக்காமல் காக்கிறார்கள். அதற்கு நேரில் போய்த்தான் ஆகவேண்டும். ஆனால் கொண்டுவரும் வழியை மாற்றலாம்: பதிவுபெற்ற ஏற்றுமதியாளரிடம் முன்பே பேசி, பிடித்ததை அவர் கொட்டகையில் பத்து நாள் வைத்து, அவர் சரக்கோடு அவர் ஆவணத்தில் அனுப்பவைப்பது. வாங்க இந்தப் பக்கம் உரிமம் உள்ள இறக்குமதியாளர் வேண்டும். செலவு கூடும், மீன் பிழைக்கும். நோத்தோபிராங்கியஸ் மாதிரி ஓராண்டுக்குள் வாழ்ந்து முடியும் கில்லி என்றால் ஈரப் பீட்டில் (மட்கிய பாசித் தூள்) முட்டையாகவே அனுப்பலாம்.

அயிரை:
இந்த வழிக்கு என் மறுப்பு இல்லை. முட்டைக்கும் அனுமதி வேண்டும் என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பீட்டை மண்ணாகக் கருதித் தாவரச் சோதனையில் நிறுத்தவும் கூடும்.

தொட்டிமணி:
கடைசி நேரத்தில் காகிதம் வரவில்லையென்றால் பிடித்த மீனை என்ன செய்வது?

அயிரை:
அன்றே, அதே ஓடையில், அதே இடத்தில், வேறு மீனோடு ஒரே வாளியில் இருந்திருக்காவிட்டால் மட்டும் திரும்ப விடலாம். மருந்து போட்டிருந்தால், கொட்டகையில் வைத்திருந்தால், எந்த ஆற்றிலும் விடக்கூடாது. ஏற்றுமதியாளரிடமே விட்டுவிட வேண்டும். ஆகவே காகிதம் கையில் வரும்வரை வலையை நனைக்காதீர்கள்.