பொருள்: மறு: 'லிஃப்டிங்', 'ரிப்பேர்', 'ஆஃப்டர்கேர்' – நகக் கலைக்குத் தமிழ்ச் சொற்கள்

> மகளிர் குழுக்களுக்கான அழகுக்கலைப் பயிற்சிக் கையேட்டைத் தமிழில் ஆக்கி வருகிறேன். நகப் பகுதியில் மூன்று சொற்களில் நிற்கிறேன். 'லிஃப்டிங்' என்பதற்கு 'எழும்பல்', 'ரிப்பேர்' என்பதற்குச் 'சீரமைப்பு', 'ஆஃப்டர்கேர்' என்பதற்குப் 'பின்பராமரிப்பு' என்று இப்போதைக்கு எழுதியிருக்கிறேன். தொழிலில் இருப்பவர்கள் கருத்துச் சொல்லவும்.

குழுவினருக்கு வணக்கம்.

கோவையில் நகக் கடை வைத்திருக்கிறேன். சொந்த நகத்தின் மேல் பூசி இறுக வைக்கும் ஜெல், அக்ரிலிக் இரண்டும் செய்கிறேன். இந்தக் குழுவில் இதுவரை வாசிக்க மட்டுமே செய்தேன். இந்த மூன்று சொற்களும் என் அன்றாடப் பாடு என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

மேலே வைத்த பூச்சு நகத்தை விட்டுத் தூக்கிக்கொள்வதைத்தான் 'லிஃப்டிங்' என்கிறோம். அதற்கு 'எழும்பல்' எனக்குச் சரியாகப் படவில்லை. அது எங்கே தடுக்கிறது என்று சொல்ல, கடைக்கு வரும் போன் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். நகம் வைத்துக்கொண்டு போனவர் நாலைந்து நாள் கழித்துக் கூப்பிடுவார். பத்தில் எட்டுப் பேர் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "அக்கா, நகம் கழண்டுடுச்சுங்க." இந்த ஒரு வாக்கியத்துக்குள் நான்கு வெவ்வேறு பழுது ஒளிந்திருக்கிறது. ஜெல்லோ அக்ரிலிக்கோ நகத்தின் மேல் பிடித்திருந்த பிடியை விட்டிருக்கலாம். நீட்டி ஒட்டிய நுனி மட்டும் ஒடிந்திருக்கலாம். மேலே வைத்ததோடு சேர்த்து அவருடைய சொந்த நகமே குறுக்கே பிளந்திருக்கலாம். அல்லது சொந்த நகம் அடியில் இருக்கும் சதையை விட்டுப் பிரிந்திருக்கலாம்.

முதல் இரண்டும் என் வேலை. மூன்றாவது, பிளவு எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பதைப் பொறுத்தது. நகக்கண்ணைத் தாண்டாத பிளவு என்றால் சன்னமான பட்டுத்துணி அல்லது கண்ணாடியிழைத் துண்டு வைத்து, மேலே ஜெல் பூசி, வளர்ந்து வெளியே வரும்வரை தாங்க வைக்கலாம். ரத்தம் கசிந்திருந்தால் நான் தொடவே மாட்டேன். நான்காவது முழுக்க முழுக்கத் தோல் மருத்துவரிடம் போக வேண்டியது. அதன் மேல் நான் ஜெல் பூசி மறைத்தால் அந்தப் பெண்ணுக்குக் கெடுதல் செய்தவளாவேன். கலைச்சொல் இந்த நான்கையும் பிரித்துக் காட்ட வேண்டும் என்பதுதான் என் ஒரே வேண்டுகோள்.

'எழும்பல்' என்றால் எது எதிலிருந்து எழும்புகிறது? பூச்சு நகத்திலிருந்தா, நகம் சதையிலிருந்தா? பயிற்சிக்கு வரும் பெண் இரண்டையும் ஒன்றாகவே படித்துக்கொண்டு போவாள்.

இரண்டும் பார்வைக்கு எப்படி வேறுபடும் என்று சொல்கிறேன். பூச்சு பிடி விடுவது பெரும்பாலும் நகம் முளைக்கும் தோல் பக்கத்திலோ ஓரங்களிலோ தொடங்கும். நகத்தைச் சற்றுச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் ஜெல்லுக்கு அடியில் வெள்ளி நிறத்தில் ஒரு நிழல் தெரியும். வலி இருக்காது. ஆனால் தலை வாரும்போது முடி அந்த இடுக்கில் போய் மாட்டும். நான் போனில் கேட்கும் முதல் கேள்வியே "முடி மாட்டுதாம்மா?" என்பதுதான். நகம் சதையை விடுவது பெரும்பாலும் நுனியிலிருந்து தொடங்கும். நுனி ஓரத்தில் இருக்கும் வெள்ளைக் கோடு சீராக இல்லாமல் ஒரு பக்கம் உள்ளே இறங்கிப் போகும். அந்த இடம் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ தெரியும், அடியில் அழுக்கு சேரும். முடி மாட்டாது. நீளமான நகம் எதிலாவது இடித்து நெம்புவதாலும் வரும். பூஞ்சை, சொரியாசிஸ், தைராய்டு கோளாறு, பூச்சுப் பொருள் ஒவ்வாமை ஆகியவற்றாலும் வரும். பிரிந்த பகுதி மறுபடி ஒட்டாது. புது நகம் வளர்ந்துதான் அந்த இடத்தை மூட வேண்டும். கைநகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். முழுதாக மாற ஆறு மாதம்கூட ஆகலாம்.

இனி சொல்லுக்கு வருகிறேன். செருப்பின் அடிப்பாகம் கழன்றால் நம் ஊரில் "ஒட்டு விட்டுப்போச்சு" என்கிறோம். வாடிக்கையாளர்களும் இதே சொல்லை, நான் எடுத்துக் கொடுக்காமலே, சில சமயம் சொல்கிறார்கள். ஆகவே பூச்சு நகத்தை விட்டு விலகுவதற்கு ஒட்டுவிடல். நகம் சதையை விட்டுப் பிரிவதற்கு சதைவிடல். நகமும் சதையும் என்று உறவுக்கே சொல்லும் மொழி நம்முடையது. அந்த இரண்டும் பிரிந்தால் அது சாதாரணக் காரியம் இல்லை என்று கேட்டவுடனே புரியும். மற்ற இரண்டுக்கும் நுனிமுறிவு, நகப்பிளவு என்று வைக்கலாம். அவற்றில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

ஒட்டுவிடலை எப்படிச் சரிசெய்வது என்பதும் இந்தச் சொல்லோடு சேர்ந்து கையேட்டில் வர வேண்டும். புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் இரண்டு காரியம் செய்கிறார்கள். தூக்கி நிற்கும் பகுதியை நெம்பிப் பிடுங்குவது ஒன்று, இடுக்கில் பசை விட்டு அமுக்கிவிடுவது இன்னொன்று. பிடுங்கினால் ஜெல்லோடு நகத்தின் மேலடுக்கும் உரிந்து வரும், நகம் காகிதம்போல மெலிந்துவிடும். பசை விட்டால் உள்ளே போன ஈரம் அங்கேயே அடைபடும். அந்த ஈரத்தில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளர்ந்தால் நகத்தில் பச்சைக் கறை விழும். அப்படிக் கறை கண்டால் பூச்சு முழுவதையும் எடுத்துவிட்டு நகத்தைக் காய விட்டு, மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அழகாக இருக்கட்டும் என்று மேலே இன்னொரு நிறம் பூசக் கூடாது.

சரியான முறை பொறுமையானது. 180 கிரிட் (சொரசொரப்பு எண்) அரத்தால், தூக்கிய பகுதியை மட்டும் மெல்ல மெல்லத் தேய்த்துக்கொண்டே போக வேண்டும். அந்த வெள்ளி நிழல் சுருங்கிச் சுருங்கி, ஒரு கட்டத்தில் கோடாகி மறையும். அது மறைந்த இடத்தில் அரம் நின்றுவிட வேண்டும். விரலால் தடவினால் படி தட்டக் கூடாது. பிறகு தூசைத் துடைத்து, ஈரமும் எண்ணெயும் போக்கி, தோலில் படாமல் புது ஜெல் வைத்து, அதை இறுக்கும் விளக்கில் காட்ட வேண்டும்.

தோலில் படாமல் என்றதை அழுத்திச் சொல்கிறேன். முழுதாக இறுகாத ஜெல் திரும்பத் திரும்பத் தோலில் பட்டால், அதில் இருக்கும் அக்ரிலேட் என்ற வேதிப்பொருளால் ஒவ்வாமை வரலாம். வந்தால் அது பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. பின்னாளில் பல் சிகிச்சைப் பொருள்களில்கூட அது தொல்லை தரலாம். அந்த வகையைச் சேர்ந்த 'ஹீமா' கலந்த நகப் பொருள்களைத் தொழில்முறையினர் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2020-இல் விதித்தது இதற்காகத்தான். நம் ஊரில் அதே பொருள் ஆன்லைனில் விளக்கோடு சேர்த்து யாருக்கும் கிடைக்கிறது. "நகம் கழண்டுடுச்சு" என்று வரும் பெண்ணிடம் "சுத்தித் தோல் அரிக்குதா?" என்றும் கேட்கச் சொல்லி எழுதுங்கள். அரித்தால் சரிசெய்யும் பேச்சே கிடையாது, எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டியதுதான்.

காசு விஷயமும் இந்தச் சொற்களில்தான் நிற்கிறது. முதல் வாரத்துக்குள் ஒட்டுவிடல் என்றால் பெரும்பாலும் நகத்தை நான் தயார்செய்ததில் குறை, இலவசமாகச் செய்கிறேன். நுனிமுறிவு என்றால் எங்கேயோ இடித்திருக்கிறது, விரலுக்கு இவ்வளவு என்று வாங்குகிறேன். பில்லில் இரண்டையும் 'ரிப்பேர்' என்று ஒரே வரியில் எழுதுகிற கடைகளில்தான் வாக்குவாதம் வருகிறது. 'சீரமைப்பு' என்றாலும் அதே குழப்பம்தான், அது சாலைக்கும் பாலத்துக்கும் இருக்கட்டும். 'சரிசெய்தல்' போதும். நகம் வளர்ந்து விழும் இடைவெளியில் மறுபடி பூச்சு நிரப்புவதற்குச் சொல்லும் 'ரீஃபில்' என்பதை மாற்றவே வேண்டாம், எல்லாருக்கும் தெரிந்த சொல்லாகிவிட்டது.

கடைசியாக 'ஆஃப்டர்கேர்'. 'பின்பராமரிப்பு' என்றதும் வாடிக்கையாளர் அதைக் கடைக்காரியின் பொறுப்பு என்று நினைத்துவிடுவார். வண்டிப் பராமரிப்பு, லிஃப்ட் பராமரிப்பு எல்லாம் விற்றவர் வந்து செய்வது அல்லவா? இது வீட்டுக்குப் போனபின் அவர் கடைப்பிடிக்க வேண்டியது. அதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது: பத்தியம். மருந்து கொடுப்பது வைத்தியர், பத்தியம் காப்பது நோயாளி. இன்னின்னது கூடாது, இன்னின்னது வேண்டும், இத்தனை நாளுக்கு என்ற மூன்றும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன.

நகப் பத்தியம் நம் ஊருக்கு ஏற்றதாகவும் எழுதப்பட வேண்டும். வெளிநாட்டு அட்டைகளில் வருவதெல்லாம் நீச்சல் குளமும் தோட்ட வேலையும்தான். இங்கே நகத்தைப் பாடாய்ப் படுத்துவது வேறு. முந்தின இரவு தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு மறுநாள் நகம் வைக்க வருவார்கள், அந்த எண்ணெய்ப் பசை நகத்தில் கொஞ்சம் தங்கினாலும் பிடிக்காது. குக்கர் மூடியை நகத்தால் நெம்புவது, பூண்டு உரிப்பது, தேங்காய் துருவும்போது மூடியின் ஓரத்தில் நகம் இடிப்பது எல்லாம் உண்டு. வெளிர் நிற ஜெல் போட்டுக்கொண்டு சாம்பார் சாதம் பிசைந்து சாப்பிட்டால் மஞ்சள் ஏறும், சோப்புக்குப் போகாது. கல்யாணப் பெண்ணாக இருந்தால் மருதாணி முதலில், நகம் பிறகு. பாத்திரம் கழுவக் கையுறை. நகத்தைச் சுற்றி இரவில் ஒரு சொட்டு எண்ணெய், ஜெல் வைத்த பிறகு அது நல்லதே செய்யும். கழன்ற நகத்தில் ஃபெவிக்விக் விடக் கூடாது. கடித்தோ உரித்தோ எடுக்கக் கூடாது, இரண்டு மூன்று வாரத்தில் ரீஃபிலுக்கு வர வேண்டும்.

இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. செயற்கை நகமே பழுது பார்க்கப் போய்ப் பிறந்தது என்பார்கள். 1954-இல் ஃப்ரெட் ஸ்லாக் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் தன் உடைந்த நகத்தைச் சரிசெய்யப் பல்லுக்கு வைக்கும் அக்ரிலிக்கையே எடுத்துப் பயன்படுத்தினார். எங்கள் தொழிலின் தொடக்கத்திலேயே இருக்கும் இந்தச் சரிசெய்தல் பகுதியைக் கையேட்டின் கடைசி இரண்டு பக்கத்தில் அடக்கிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
கோவை நகக் கலைஞர்

---

அம்மா, வணக்கம். ஓய்வுபெற்ற தமிழாசிரியன் நான். ஒட்டுவிடல் நன்றாக இருக்கிறது, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சதைவிடலில் ஒரு தயக்கம். நகத்துக்கு அடியில் இருக்கும் பகுதிக்குப் 'படுகை' என்ற சொல் பொருந்தும். 'படுகை விலகல்' என்றால் பாடநூலுக்கு ஏற்ற நடை வரும். 'சதை' என்றால் சதையே போய்விட்டதாக எண்ணிப் பயப்படுவார்களோ?

'பத்தியம்' என்றவுடன் மிளகு ரசமும் பூண்டுக் குழம்பும்தான் நினைவுக்கு வருகின்றன. அது நோயாளிக்கு உரியது. அழகுக்காக வருகிற பெண்ணை நோயாளி ஆக்க வேண்டுமா? 'பேண்' என்ற வினையிலிருந்து 'பின்பேணல்' என்று சொல்லலாமே. எளிது, தூயது.

---

ஐயா, வணக்கம். தங்கள் மடலுக்கு நன்றி.

'படுகை விலகல்' எழுத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சொல்லை முதலில் சொல்லப்போவது பாடநூல் இல்லை, வலியோடு போன் செய்கிற பெண். அவருக்குப் படுகை என்றால் காவிரிப் படுகைதான். "நகம் சதையை விட்டுடுச்சா, மேல வச்சது மட்டும் ஒட்டு விட்டுடுச்சா?" என்று நான் கேட்டால் அவரால் விரலைப் பார்த்துப் பதில் சொல்ல முடிகிறது. கொஞ்சம் பயந்தாலும் பரவாயில்லை என்றே நினைக்கிறேன். நகச்சுத்தி வந்தால் விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு நாள் கடத்துகிற பழக்கம் நமக்கு உண்டு. இதையும் அப்படிக் கடத்திவிட்டு, மேலே ஜெல்லைப் பூசிக் கொடுங்கள் என்று வருகிறவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். மருத்துவ நூலுக்குப் 'படுகை' இருக்கட்டும், கையேட்டுக்குச் சதைவிடலே வேண்டும்.

பத்தியத்தைப் பற்றித் தாங்கள் சொன்னதை யோசித்தேன். பிள்ளை பெற்றவளுக்கும் பத்தியம்தான், அவளை யாரும் நோயாளி என்பதில்லை. உடம்பில் புதிதாக ஒன்று நடந்திருக்கிறது, அது நிலைக்கும்வரை கட்டுப்பாடு வேண்டும் என்பதுதான் அங்கே பொருள். நகத்துக்கும் அதுவே பொருந்துகிறது. 'பின்பேணல்' என்று அட்டையில் அச்சடித்துக் கொடுத்தால் மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். "இதான்மா பத்தியம், மூணு வாரத்துக்கு" என்று சொல்லிக் கொடுத்தால் நின்று படிக்கிறார்கள். சிலர் "எண்ணெய் வைக்கலாமா, மருதாணி போடலாமா" என்று அவர்களே கேட்கிறார்கள்.

கையேடு ஆக்கும் தோழிக்கு ஒரு கோரிக்கை. நான்கு சொற்களையும் அட்டவணையாகப் போடுவதாக இருந்தால் சதைவிடலின் கட்டத்துக்குள்ளேயே 'பூச்சை எடுத்துவிட்டுத் தோல் மருத்துவரிடம் அனுப்பவும்' என்று எழுதிவிடுங்கள். அடிக்குறிப்பில் போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். நகப்பிளவுக்கு, ரத்தம் இருந்தால் தொடக் கூடாது என்ற வரியும் அப்படியே. பக்கம் அமைத்ததும் எனக்கு அனுப்புங்கள், கடையில் வேலை பழகும் இரண்டு பெண்களிடம் படிக்கக் கொடுத்து எங்கே தடுக்குகிறது என்று எழுதுகிறேன்.

கோவை நகக் கலைஞர்