சின்ன வளையம் சேதக் கணக்குல சேருமா, சேராதா?

ராயபுரம் ரமணன்: விந்தணு டிஎன்ஏ சேதம் பாக்குற ஹேலோ டெஸ்ட்ல (அணுவோட தலையைச் சுத்தி டிஎன்ஏ வளையமா விரியுதான்னு பாக்குறது) "வளையம் எவ்ளோ சின்னதா இருந்தாலும் நல்ல அணுதான்"னு நேத்து ஒரு மேதாவி எழுதியிருக்கார். வளையத்தோட அகலம் தலையோட குறுக்களவுல மூணுல ஒரு பங்கோ, அதுக்குக் கீழயோ இருந்தா சேதக் கணக்கு. வளையமே இல்லாட்டியும் அப்படியே.

மிண்ட் மணி: அந்த மேதாவி நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். மூணுல ஒண்ணுன்னு ஸ்கேல் வெச்சா அளக்குறீங்க? சாயம் வெளிறிப்போனா வளையத்தோட ஓரம் தெரியாது, நல்லதும் சின்னதாத்தான் தெரியும். அதையும் சேதத்துல சேத்துட்டா டிஎஃப்ஐ, அதாவது சேதமான அணுவோட சதவீதம், எகிறிடும்.

ரமணன்: மைக்ரோஸ்கோப்ல அளவு பாக்குற ஐபீஸ் மைக்ரோமீட்டர் எதுக்கு இருக்கு, அழகுக்கா? ரைட்ங்கிற அந்தச் சாயம் வெளிறினா திரும்பச் சாயம் போடணும், வளையத்தை நல்லதாக்கக் கூடாது. மூணுல ஒரு பங்கு.

காசிமேடு கமலி: லைசிஸ் திரவத்தை யாராச்சும் கேட்டீங்களா? ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த கையோட ஊத்துனா புரதம் முழுசாக் கழலாது, வளையம் விரியாது. 22 டிகிரிக்கு வந்தப்புறம்தான் ஊத்தணும்.

ரமணன்: அதுக்கு முன்னாடியே கோட்டை விடுறாங்க. அணுவைக் கலக்குற அகரோஸ் ஜெல்லை உருக்கி 37 டிகிரி வாட்டர் பாத்ல நிறுத்தணும். சூடா கலந்தா அணு வெந்துடும், ஆறவிட்டா கவர்ஸ்லிப் போடறதுக்குள்ள கட்டிதட்டிடும். அப்புறம் 4 டிகிரில 5 நிமிஷம், ஸ்லைடு சாயக் கூடாது. ஆசிட் 7 நிமிஷம், லைசிஸ் 25 நிமிஷம். 300 அணுவாவது எண்ணணும். வால் தெரியாத உருண்டை செல்லை எண்ணக் கூடாது. மணி சார் எண்ணுவார்.

மணி: ரத்த அணு எண்ணிக்கை (சிபிசி) பத்தின திரியில தோத்த கோவம் இன்னும் போகலையா? சரி, டிஎஃப்ஐ 30 சதவீதத்துக்கு மேல போனா மோசம்னு எழுதுறீங்களே, அது எந்த டெஸ்டோட அளவு?

ரமணன்: அது எவன்சன்ங்கிற ஆராய்ச்சியாளரோட எஸ்சிஎஸ்ஏங்கிற வேற டெஸ்டோட அளவு. அக்ரிடின் ஆரஞ்சு சாயம் போட்டு ஃப்ளோ சைட்டோமீட்டர் மெஷின்ல 5000 அணு பாக்குறது. ஹேலோ டெஸ்ட், ஃபெர்னாண்டஸ் குழு 2003-ல எழுதினது. ரெண்டையும் குழப்புறது நீங்க. மூணுல ஒரு பங்கை மட்டும் தொட மாட்டேங்குறீங்க.

வியாசர்பாடி வேலு: எண்ணூர்ல வீட்லயே எடுத்து, கன்டெய்னர் லாரி நடுவுல மாட்டி ரெண்டு மணி நேரம் கழிச்சு வர்ற சாம்பிள்ல எந்த வளையத்தை எண்ணி இன்னா? வெச்சிருக்க வெச்சிருக்க சேதம் ஏறிக்கினே இருக்கும்.

ரமணன்: அதுக்குத்தான் லேப்லயே எடுக்கச் சொல்றது. ராயபுரத்துல அப்படித்தான்.

வேலு: 1856-ல ராயபுரம் ரயில்வே ஸ்டேஷன் கட்டுன பெருமையே இன்னும் வுடல, இப்ப இது வேறயா?

கமலி: நான் லைசிஸ் சூட்டைப் பத்திக் கேட்டேன்.

மணி: வெளிறின ஸ்லைடுல சின்ன வளையத்தை நான் சேதத்துல சேர்க்க மாட்டேன். தனி வரியில எழுதுவேன்.

ரமணன்: தனி வரியில எழுதினாலும் மூணுல ஒரு பங்கு மூணுல ஒரு பங்குதான்.